பெயர் மறைந்த மேதை டாக்டர் சுப்பாராவ்

வாரம் ஒரு நாள், மதிய உணவுக்குப் பின் வகுப்பாசிரியை உங்கள் உள்ளங்கையில் ஒரு நீல நிற மாத்திரையை வைப்பார்கள். அதை விழுங்கியதுபோல் பாவனை செய்து, பிறகு ஜன்னல் வழியே எறிந்துவிடும் சாமர்த்தியசாலிகளும் உங்களுள் உண்டு என்று கேள்விப்பட்டேன். அந்த மாத்திரையில் இருப்பவை இரண்டு. ஒன்று இரும்புச் சத்து. மற்றொன்று ஃபோலிக் அமிலம். அரை மில்லிகிராம்தான். கடுகில் ஒரு துணுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துணுக்கை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் செய்யும் வழியைக் கண்ட குழுவை நடத்தியவர் சென்னையில் படித்த ஒரு தெலுங்கர். மாத்திரை அட்டையில் அவர் பெயர் இல்லை. உங்கள் பாடநூலிலும் நான் தேடிப் பார்த்தேன்.

அவர் பெயரை நான் முதலில் கண்டது சேலத்தில் கல்லூரியில் உயிர்வேதியியல் படித்தபோது. செய்முறை வகுப்பில் இரத்தத்திலுள்ள பாஸ்பரஸின் அளவைக் காணும் சோதனை ஒன்று உண்டு. ஃபிஸ்க் - சுப்பாராவ் முறை என்று ரெக்கார்டு நோட்டில் தலைப்பிட்டு எழுத வேண்டும். எங்கள் விரிவுரையாளர் ஆங்கில எழுத்தைப் பார்த்துச் சுபாரோ என்று உச்சரிப்பார். யாரோ இத்தாலி நாட்டவர் என்றே நான் எண்ணியிருந்தேன். தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கிவிட்டேன். சுபாரோ என்பவர் சுப்பாராவ்தான் என்பதும், அவர் திருவல்லிக்கேணித் தெருக்களில் நடந்தவர் என்பதும் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தன. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எல்லப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் கோதாவரிக் கரை நாட்டில் பீமவரம் என்னும் ஊரில் பிறந்தார். அந்நாளில் அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் சிறு உத்தியோகம் பார்த்தவர். தாயார் வேங்கம்மா. குடும்பம் பெரிது, வரும்படி சிறிது. பிள்ளை படிப்பில் கெட்டிக்காரனா என்றால் அதுவும் இல்லை. பதின்மூன்று வயதில், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பணக்காரனாகிவிடலாம் என்று வீட்டைவிட்டு ஓடினான். வழியிலேயே பிடித்துக் கொண்டுவந்து மறுபடியும் பள்ளியில் உட்கார வைத்தார்கள். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோல்வி. மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். தந்தை இறந்த பின் தாயார் தம் நகைகளை விற்றுப் படிக்க வைத்தார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கையில் அவருக்குத் துறவியாகும் ஆசை வந்தது. இராமகிருஷ்ண மடத்தில் சேரத் துடித்தார். தாயின் அனுமதியில்லாமல் சேர்க்க இயலாது என்று மடத்தார் கூறிவிட்டனர். தாயாரோ இசையவில்லை. மருத்துவம் படித்தாலும் மக்களுக்குத் தொண்டு செய்யலாமே என்று தேற்றிக்கொண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். செலவுக்கு உதவியவர் மாமனார். 1919ஆம் ஆண்டு மே மாதம் அவருக்கும் சேஷகிரி என்னும் பெண்ணுக்கும் மணம் நடந்திருந்தது.

காந்தியடிகளின் அழைப்பு நாடெங்கும் ஒலித்த காலம் அது. சுப்பாராவும் அந்நியத் துணியை விலக்கினார். அறுவைக்கூடத்தில் அணியும் அங்கியைக்கூடக் கதரில் தைத்துப் போட்டுக்கொண்டார். அறுவைத் துறைப் பேராசிரியரான ஆங்கிலேயருக்கு அது பிடிக்கவில்லை. முடிவில் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு படி குறைந்த எல்.எம்.எஸ். என்னும் சான்றிதழே கிடைத்தது. அரசு மருத்துவத் துறையில் வேலையும் கிடைக்கவில்லை. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு கற்பிக்கச் சேர்ந்தார். ஒரு கதர் அங்கிக்குக் கொடுத்த விலை இவ்வளவு.

அதே ஆண்டுகளில் அவர் வீட்டில் பேரிடி விழுந்தது. அண்ணனும் தம்பியும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து மாண்டார்கள். ஸ்ப்ரூ என்று மருத்துவர் அழைக்கும் நோய். குடல் உணவை ஏற்காது. ஓயாத பேதி, நாப்புண், இரத்தம் வெளுத்துப்போதல், எலும்பும் தோலுமாக ஒடுங்குதல். சுப்பாராவையும் அது பற்றியது. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி அளித்த ஆயுர்வேதச் சிகிச்சையால் பிழைத்தார். அந்நோய்க்கு மருந்து காண வேண்டும் என்ற எண்ணம் அவர் நெஞ்சில் அன்றே விழுந்துவிட்டது. அதற்கு மேல்நாட்டு ஆய்வுக்கூடம் வேண்டும். காக்கிநாடாவில் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்மநிதி கொடுத்த உதவியும் மாமனார் தந்த பணமும் சேர, அவர் கப்பலேறினார். 1922 அக்டோபர் 26 அன்று அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் இறங்கினார். சில ஆண்டுகளில் திரும்பிவிடுவதாக மனைவியிடம் கூறிச் சென்றிருந்தார்.

பாஸ்டனில் வாழ்வு எளிதாக இல்லை. இவருடைய சான்றிதழுக்கு அங்கே மருத்துவராகப் பணியாற்றும் உரிமை இல்லை. பகலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பநாட்டு மருத்துவம் படித்தார். இரவில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் மலச்சட்டிகளைக் கழுவும் வேலை பார்த்தார். ஊரில் டாக்டர் என்று அழைக்கப்பட்டவர் அந்த வேலையைச் செய்தார் என்பதை, மிச்சமான சோற்றைக் கொட்டச் சொன்னாலே முகம் சுளிக்கும் நாம் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

பட்டயம் பெற்ற பின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரிடம் சேர்ந்தார். அத்துறையின் தலைவர் இரத்தச் சோதனைகளில் பெயர்பெற்ற ஆட்டோ ஃபோலின். ஃபிஸ்க் தம் புதிய மாணவரிடம் ஒப்படைத்த வேலை, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை விரைவாக அளக்க ஒரு வழி காண்பது. முன்பிருந்த வழிகளில் நிறம் நிலையாக நிற்காது. உப்புகள் குறுக்கிட்டுக் கணக்கைக் கெடுக்கும்.

சுப்பாராவ் செய்ததைச் சொல்கிறேன். சோதனைக்குழாயில் நீர்த்த அமிலம், அதில் மாலிப்டேட் என்னும் உப்பு, பிறகு புரதம் நீக்கிய இரத்த நீர். பாஸ்பேட் இருந்தால் அது மாலிப்டேட்டுடன் சேர்ந்துகொள்ளும். இப்போது ஒடுக்கும் பொருள் ஒன்றைச் சில துளி விட்டால் குழாயில் நீலம் பூக்கும். வெள்ளைத் துணிக்குச் சொட்டு நீலம் கலக்குகிறோமே, ஒரு சொட்டுக்கு ஓர் அளவு, மூன்று சொட்டுக்கு ஓர் அளவு, அப்படித்தான். பாஸ்பரஸ் மிகுந்தால் நீலம் மிகும். அளவு தெரிந்த குழாயோடு ஒப்பிட்டால் அளவு தெரியாததையும் சொல்லிவிடலாம். எந்தப் பொருளால் ஒடுக்கினால் நீலம் சில நிமிடங்களில் முழுமையாகத் தோன்றி மாறாமல் நிற்கும் என்று தேடிப் பிடித்ததுதான் வெற்றி. 1925ஆம் ஆண்டு அமெரிக்க உயிர்வேதியியல் இதழில் அது வெளியாயிற்று. இருபத்தாறு பக்கம். ஃபிஸ்க்கின் பெயர் முதலிலும் சுப்பாராவின் பெயர் அடுத்தும் அச்சாயின.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. புதிய முறையைத் தசைச் சாற்றில் வைத்துப் பார்த்தார்கள். அங்கே ஒரு தொல்லை. இரத்தத்தில் சில நிமிடங்களில் நின்றுவிடும் நீலம், தசைச் சாற்றில் நிற்காமல் மேலும் மேலும் ஆழ்ந்துகொண்டே போயிற்று. என் போன்றோர் என்ன செய்திருப்போம்? குழாயைச் சரியாகக் கழுவவில்லை என்று கொட்டிவிட்டு மறுபடி தொடங்கியிருப்போம். அவர்கள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு நிமிடம் நிறத்தைக் குறித்தார்கள். சாற்றில் ஏதோ ஒரு பொருள் பாஸ்பேட்டைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கிறது, அமிலம் பட்டதும் அது சிறிது சிறிதாக உடைந்து பாஸ்பேட்டை வெளியே விடுகிறது என்று கண்டார்கள். அந்தப் பொருள் பாஸ்போகிரியாட்டின். தசை வேலை செய்யும்போது அது உடைகிறது. ஓய்வில் மறுபடி சேர்கிறது. 1927இல் இதை வெளியிட்டார்கள். இங்கிலாந்தில் எக்கிள்டன் என்னும் கணவனும் மனைவியும் அதே சமயத்தில் அதே பொருளின் தடத்தைக் கண்டிருந்தனர்.

1929இல் அதைவிடப் பெரிய செய்தி வந்தது. தசையிலிருந்து ஏ.டி.பி. என்னும் பொருளை அவர்கள் பிரித்தெடுத்தார்கள். பத்தாம் வகுப்பு மாணவியர் இதைச் செல்லின் சக்தி நாணயம் என்று மனப்பாடம் செய்வீர்கள். நீங்கள் இப்போது பக்கத்தைத் திருப்புவதற்கும் அதுவே செலவாகிறது. தசையின் வேலைக்குக் காரணம் லாக்டிக் அமிலம் உண்டாவதே என்று அதுவரை கருதி வந்தனர். அத்துறையில் உழைத்த ஹில், மேயர்ஹாஃப் இருவருக்கும் 1922ஆம் ஆண்டு நோபல் பரிசே வழங்கப்பட்டிருந்தது. அந்தக் கொள்கையின் அடித்தளத்தை ஆட்டியவை இவ்விரு கண்டுபிடிப்புகள். ஆயினும் ஜெர்மனியில் லோமன் என்பவர் ஏ.டி.பி.யைத் தாமும் கண்டு, சில வாரங்கள் முந்தி அச்சிட்டுவிட்டார். பெரும்பாலான நூல்கள் லோமன் பெயரோடு நின்றுவிடுகின்றன.

சுப்பாராவ் 1930இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் ஹார்வர்டில் நிலையான பேராசிரியப் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. அந்தப் பத்தாண்டில் அவர் பெயரில் வந்த கட்டுரைகளும் குறைவு. உழைக்காமலில்லை. அதே கூடத்தில் மாணவராக இருந்து, பின்னாளில் 1988இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்ச்சிங்ஸ் இதைப்பற்றிக் கூறியிருக்கிறார். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்களை உலகம் பல ஆண்டு கழித்து மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டி வந்ததாம். பொறாமையால் ஃபிஸ்க் அவற்றை வெளிவர விடவில்லை என்பது ஹிட்ச்சிங்ஸின் கருத்து. ஃபிஸ்க் தரப்பு என்ன சொல்லியிருக்கும் என்பதை நாம் கேட்க இயலாது. அச்சேறாத தாள்கள் அச்சேறாமலே போயின.

இங்கே கதையைச் சற்று நிறுத்தி, நான் சென்னையில் பயிற்சிக்குப் போனபோது கண்டதைச் சொல்ல வேண்டும். ஒரு நூலகத்தின் மூலையில் தலையணை போன்ற பழைய தொகுதிகள் வரிசையாக இருந்தன. எழுத்து எள்ளினும் சிறியது. அறிவியல் மேற்கோள் அட்டவணை என்று அதற்குப் பெயர். யூஜின் கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கர் பிலடெல்பியாவில் தொடங்கி 1964 முதல் வெளியிட்டு வந்தார். வக்கீல்கள் ஒரு பழைய தீர்ப்பைப் பின்னாளில் எந்தெந்த வழக்கில் எடுத்துக்காட்டினார்கள் என்று பார்க்க ஒரு புத்தகம் வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துத் தோன்றிய யோசனை இது. ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பின்வந்தோர் எத்தனை பேர், எங்கெங்கே தம் கட்டுரைகளில் குறிப்பிட்டார்கள் என்று அதில் எண்ணிவிடலாம். எண்ணிக்கை மிகுந்தால் கட்டுரைக்கு மதிப்பு மிகுதி என்று சொல்லத் தொடங்கினார்கள். இன்று கணிப்பொறி அந்தக் கணக்கை நொடியில் போட்டுவிடுகிறது. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் அதையே கேட்கிறார்கள்.

நான் சுப்பாராவைத் தேடினேன். எஸ் எழுத்தில் சில வரிகளே கண்ணில் பட்டன. ஏமாற்றமாக இருந்தது. நூலகர் அம்மையார் சிரித்துக்கொண்டே எஃப் எழுத்துத் தொகுதியை எடுத்து வைத்தார். அந்த அட்டவணை முதலாசிரியரின் பெயரில் மட்டுமே கணக்கு வைப்பது. ஃபிஸ்க் 1925 என்ற தலைப்பின் கீழே வரி வரியாக, பத்தி பத்தியாக, கண் வலிக்கும் வரை மேற்கோள்கள். அத்தனையும் பாதி சுப்பாராவுடையவை. ஆனால் அவர் பெயர் அந்தப் பக்கத்தில் இல்லை.

உலகில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளின் பட்டியலைக் கார்ஃபீல்டு அவ்வப்போது வெளியிட்டார். அவற்றில் இந்த 1925ஆம் ஆண்டுக் கட்டுரையும் இடம்பெற்றது. அதன் எண்ணிக்கை பதினாயிரத்தைத் தாண்டும். பட்டியலில் முதலில் நிற்பது ஆலிவர் லௌரி 1951இல் புரதத்தை அளக்கச் சொன்ன முறை. 2014 வாக்கில் அதற்கு மூன்று இலட்சத்துக்கு மேல் மேற்கோள்கள் சேர்ந்திருந்தன. அந்த முறையில் ஊற்றும் திரவத்துக்கு, சுப்பாராவ் பணியாற்றிய துறையின் தலைவரான ஃபோலினுடைய பெயர்தான். இவ்விரண்டும் அளக்கும் முறைகள் என்பதைக் கவனியுங்கள். சமையலறையில் எந்தப் பலகாரத்துக்கும் படி வேண்டும். ஆய்வுக்கூடத்தில் யார் எதைச் செய்தாலும் பாஸ்பரஸை எந்தப் படியால் அளந்தேன் என்று அடிக்குறிப்பில் எழுதியாக வேண்டும். அதனால் எண்ணிக்கை ஏறுகிறது.

ஏ.டி.பி.யோ? அதைக் குறிப்பிடாத உயிரியல் நூலே இல்லை. ஆனால் ஏ.டி.பி. என்று எழுதும்போது 1929ஆம் ஆண்டுக் கட்டுரையை யார் அடிக்குறிப்பில் போடுகிறார்கள்? வீட்டில் புளிக்குழம்பு வைக்கும்போது இந்தப் பக்குவம் எந்தப் பாட்டி கண்டது என்று யாரும் சொல்வதில்லை அல்லவா? அறிவு பொதுச்சொத்தாகிவிட்டால் கண்டவர் பெயர் அழிந்துபோகிறது என்று ராபர்ட் மெர்ட்டன் என்னும் சமூகவியல் அறிஞர் எழுதியிருக்கிறார். என் கணக்கில் சுப்பாராவின் மூன்று கட்டுரைகளில் ஏ.டி.பி. கட்டுரையே பெரியது. அட்டவணையின் கணக்கில் நீலச்சாயக் கட்டுரையே பெரியது.

கதைக்குத் திரும்புவோம். 1940இல் சுப்பாராவ் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். இரண்டே ஆண்டில் ஆராய்ச்சி இயக்குநரானார். நெஞ்சில் விழுந்த பழைய எண்ணத்துக்கு இப்போது இடமும் பணமும் ஆள்பலமும் கிடைத்தன.

ஃபோலிக் அமிலத்தின் கதையில் நம் நாட்டுப் பெண்களும் உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928 முதல் பம்பாயில் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்டுச் சாறு கொடுத்தால் அது குணமாகிறது என்று 1931இல் காட்டினார். அச்சாற்றில் இருப்பது எது என்று தெரியவில்லை. 1941இல் டெக்ஸாஸில் டன் கணக்கில் பசலைக் கீரையைக் காய்ச்சி வடித்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அதற்குப் பெயரிட்டார்கள். ஆனால் கீரையிலிருந்தும் ஈரலிலிருந்தும் வடித்தால் கிடைப்பது இம்மி அளவு. அதைக் கொண்டு ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்க முடியாது. அதன் அமைப்பை அறிந்து, செயற்கையாகச் செய்யும் வழியைச் சுப்பாராவின் குழு 1945இல் வெளியிட்டது. வெப்பநாட்டு ஸ்ப்ரூ நோயும் அந்த மருந்துக்குக் கட்டுப்பட்டது. அவருடைய சகோதரர்கள் இறந்து கால் நூற்றாண்டு கழிந்திருந்தது.

அந்தக் கட்டுரையில் பதினாறு பெயர்கள். சுப்பாராவின் பெயர் ஏழாவது. அவருடைய கூடத்தார் எட்டுப் பேரையும் ஆங்கில அகர வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். ஏ என்று தொடங்கும் ஆங்கியர் முதலில், எஸ் என்று தொடங்கும் இயக்குநர் கடைசிக்கு முன்னால். மற்ற எட்டும் துணை நின்ற மற்றொரு கூடத்தாருடையவை. உலகம் அதை ஆங்கியர் முதலானோர் கட்டுரை என்றே குறிக்கிறது. நம் பள்ளி அறிவியல் கண்காட்சியில் சார்ட்டின் அடியில் யார் பெயரை முதலில் எழுதுவது என்று நடக்கும் போரை அறிந்தவள் நான். ஒருமுறை இரவெல்லாம் விழித்து எரிமலை செய்தவள் பெயர் மூன்றாவதாயிற்று. நான்தான் அவள். இன்னும் மறக்கவில்லை.

1947இல் ஹெட்ரசான் வெளிவந்தது. டி.இ.சி. என்றால் பலருக்குத் தெரியும். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களை இரத்தத்திலிருந்து அகற்றும் மருந்து. நோய் உள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை வீடு வீடாக வந்து விழுங்கச் சொல்லும் மாத்திரை அதுவே. அந்தக் கட்டுரையில் ஆறு பெயர்கள், சுப்பாராவ் கடைசி.

ஆரியோமைசின் அதற்கு அடுத்தது. டெட்ராசைக்ளின் வகையில் முதல் மருந்து. எழுபது வயது கடந்து, ஓய்வு பெற்றிருந்த பெஞ்சமின் டக்கர் என்ற தாவர நூலறிஞரைச் சுப்பாராவ் அழைத்து வேலை கொடுத்தார். ஊர் ஊராக மண் வரவழைத்து, அதில் வளரும் நுண்ணுயிர்களைச் சோதித்து, பொன்னிறம் காட்டும் ஒன்றை டக்கர் 1945இல் கண்டார். 1948இல் அதை வெளியிட்டபோது டக்கர் பெயர் மட்டுமே கட்டுரையில் இருந்தது. கண்டவர் அவர்தானே. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்த மருந்து நம் ஊர்ப் பக்கமும் வந்து சேர்ந்த வழி வேடிக்கையானது. நாமக்கல்லைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் கோழிப்பண்ணைக் கொட்டகைகளைப் பார்க்கிறோம். சுப்பாராவ் மறைந்து இரண்டாண்டுக்குள், 1950இல், அதே லெடர்லி கூடத்தில் ஸ்டாக்ஸ்டாடு, ஜூக்ஸ் இருவரும் ஒரு செய்தி வெளியிட்டார்கள். ஆரியோமைசின் வடித்த சக்கையைத் தீவனத்தில் கலந்தால் கோழிக்குஞ்சுகள் விரைவாகப் பெருக்கின்றன என்பதே அது. இவர்களில் ஸ்டாக்ஸ்டாடு ஃபோலிக் அமிலக் கட்டுரையின் பதினாறு பேரில் ஒருவர். அதிலிருந்து உலகெங்கும் தீவனத்தில் மருந்து கலக்கும் வழக்கம் பரவிற்று. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதைக் கண்டு ஐரோப்பிய நாடுகள் 2006இல் வளர்ச்சிக்காகக் கலப்பதைத் தடை செய்தன. நம் பண்ணைக்காரர்களும் கால்நடை மருத்துவர்களும் இன்று இதைப்பற்றி ஓயாமல் பேசுகிறார்கள். நோயாளிக்காகத் தேடிய மருந்து தீவனத் தொட்டிக்குப் போகும் என்று சுப்பாராவ் நினைத்திருக்க மாட்டார்.

கடைசி மருந்து குழந்தைகளுக்கானது. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை அந்நாளில் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துவிடும். பாஸ்டனில் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்த சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமில வகை மருந்துகளை அந்நோய்க்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை. அதன் வேகம் கூடினாற்போலத் தோன்றிற்று. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் ஒரு பொருளைக் கொடுத்தால் என்ன? ஃபோலிக் அமிலத்தைப் போலவே உருவங்கொண்டு, அதன் இடத்தில் போய் அமர்ந்து, வேலையை மட்டும் செய்யாத போலிகளைச் சுப்பாராவின் கூடம் செய்து அனுப்பியது. பூட்டுக்குள் நுழைந்து திரும்பாத சாவிபோல. அவற்றில் ஒன்று அமினோப்டெரின். பதினாறு குழந்தைகளுக்குக் கொடுத்ததில் பத்துப் பேருக்கு நோய் சில காலம் தணிந்தது. இரத்தப் புற்றுநோய் மருந்துக்குப் பணிந்ததென்று மருத்துவ உலகம் தெளிவாகக் கண்ட முதல் நிகழ்ச்சி அது. 1948 ஜூன் மாதம் கட்டுரை வந்தது. ஃபார்பரும் வேறு நால்வரும் ஆசிரியர்கள். சுப்பாராவின் பெயர் அவர்களுள் இல்லை.

அமினோப்டெரினின் தம்பியான மெத்தோட்ரெக்சேட் இன்றும் நம் மருத்துவமனைகளில் உள்ளது. 1956இல் கருப்பையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயை முழுதும் குணமாக்கியது அதுதான். மூட்டுவாதத்துக்கும் அதைக் கொடுக்கிறார்கள். என் தாயார் வாரம் ஒருமுறை சாப்பிடுகிறார்கள். மறுநாள் ஃபோலிக் அமில மாத்திரை ஒன்றும் சாப்பிட வேண்டும் என்று மருத்துவர் எழுதித் தந்திருக்கிறார். தடுப்பதும் அவர் கூடத்து மருந்து, ஈடு செய்வதும் அவர் கூடத்து மருந்து. அம்மாவுக்கு இதைச் சொன்னேன். அந்தப் புண்ணியவானின் பெண்டாட்டி பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு விடை துயரமானது. சுப்பாராவ் கப்பலேறிய பின் ஊரில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். ஓராண்டு நிறைவதற்குள் அக்கி போன்ற ஒரு தோல் நோயில் இறந்துவிட்டான். தந்தை அவன் முகத்தைப் பார்த்ததே இல்லை. சில ஆண்டுகளில் திரும்புவதாகச் சொன்னவர் இருபத்தாறு ஆண்டுகளாகியும் திரும்பவில்லை. ஆராய்ச்சி பிடித்துக்கொண்டது, பிறகு போர் வந்தது என்று காரணங்கள் சொல்வார்கள். சேஷகிரி அம்மையார் காத்திருந்தார். மருந்துகளைப் பற்றி எழுதும் எவரும் அந்த அம்மையாரைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் எழுதுவதில்லை. இதோ நானும் அப்படித்தான்.

1948 ஆகஸ்டு மாதம் ஓர் இரவு சுப்பாராவ் உறக்கத்திலேயே இறந்தார். வயது ஐம்பத்து மூன்று. ஃபார்பரின் கட்டுரை வந்து இரண்டு மாதமாகியிருந்தது. மேற்கோள் அட்டவணை வருவதற்கு இன்னும் பதினாறு ஆண்டுகள் இருந்தன. அமெரிக்கக் குடியுரிமையை அவர் கடைசிவரை பெறவில்லை.

பிறப்பின் நூற்றாண்டான 1995இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அதற்கு முன்பே, 1953இல், கழிவுநீர் வடிகட்டிகளில் வளரும் ஒரு பூஞ்சணத்துக்கு அமெரிக்க அறிஞர் ஒருவர் சுப்பாரோமைசிஸ் என்று பெயரிட்டார். எங்கள் கூடத்தில் இப்போது பாஸ்பரஸ் சோதனையை இயந்திரமே செய்கிறது. குழாயில் நீலம் பூப்பதைக் காண முடியாது. கல்லூரிச் செய்முறை வகுப்புகளில் மட்டும் அது இன்னும் பூக்கிறது. போன மாதம் பயிற்சிக்கு வந்த மாணவி ஒருத்தியின் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் பார்த்தேன். தலைப்பில் சுபாரோ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தேன்.